ஜிம்மி குவின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்துக் கால்பந்து பற்றிப் பேச்சு வந்தால் நான் ஜிம்மி குவின் பெயரைச் சொல்லாமல் விடமாட்டேன். சொன்னதும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்து, பதிலும் எழுதியிருக்கிறேன். முன்பே விளக்கிய விஷயம் மறுபடி வந்தால் அந்தக் கேள்வியைச் சுட்டிவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

1. ஜிம்மி குவின்னா? யாருங்க அது? பேரே கேள்விப்பட்டதில்லையே.

1901 முதல் 1915 வரை கிளாஸ்கோவின் செல்டிக் அணிக்கு ஆடியவர். சென்டர் ஃபார்வர்டு, அதாவது முன்வரிசையின் நடுவில் நின்று கோல் அடிக்க வேண்டியவர். 1878 ஜூலை 8 அன்று குரோய் என்ற சுரங்க கிராமத்தில் பிறந்தார். கிளாஸ்கோவுக்கு வடகிழக்கே இருக்கும் சின்ன ஊர் அது. 1945 நவம்பரில் இறந்தார்.

லீக் ஆட்டங்களில் மட்டும் 187 கோல்கள். ஐந்து ஸ்காட்டிஷ் கோப்பைகள். செல்டிக் தொடர்ந்து ஆறு முறை லீக்கை வென்ற அணியின் முனை இவர்தான். முதல் உலகப் போருக்கு முந்தைய ஸ்காட்லாந்தில், சனிக்கிழமை மதியம் மைதானத்துக்குப் போகும் எந்தத் தொழிலாளியிடமும் இந்தப் பெயரை விளக்க வேண்டிய தேவை இருந்திருக்காது. நூறு வருஷத்தில் பெயர் மங்கிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2. குவின்னு பேர் அயர்லாந்துப் பேர் மாதிரி இருக்கே. அப்புறம் எப்படி ஸ்காட்லாந்து வீரர்?

குடும்பத்தின் வேர் அயர்லாந்து. அவர் பிறந்தது ஸ்காட்லாந்தில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. அதற்குப் பிறகு ஏராளமான அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பிழைப்புத் தேடிக் கடல் தாண்டி மேற்கு ஸ்காட்லாந்துக்கு வந்தன. அவர்களுக்குக் கிடைத்தது சுரங்கம், துறைமுகம், இரும்பு ஆலை ஆகிய வேலைகள். குரோய் அப்படி உருவான ஊர்களில் ஒன்று.

செல்டிக் கிளப்பும் அந்த மக்களிடமிருந்து வந்ததுதான். கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பசியோடு இருந்த கத்தோலிக்கக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட நிதி வேண்டும் என்று, 1887இல் சகோதரர் வால்ஃபிரிட் என்ற துறவி முன்னின்று தொடங்கியது. ஆகவே குரோயில் பிறந்த ஒரு பையன் அந்தச் சட்டையைப் போட்டபோது, பார்வையாளர் மேடையில் நின்றவர்கள் அவனைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே பார்த்தார்கள்.

3. நிலக்கரி வெட்டிட்டிருந்த ஆளை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

குவின் உள்ளூர் ஜூனியர் அணியான (சிறுவர் அணி அல்ல, கீழ்நிலைப் போட்டிகளில் ஆடும் அணி) ஸ்மித்ஸ்டனுக்கு ஆடிக்கொண்டிருந்தார். செல்டிக்கின் மேலாளர் வில்லி மேலி அவரைத் தேடிப் போய்ச் சேர்த்துக்கொண்டார். மேலி 1897இல் மேலாளராகி 1940 வரை அதே நாற்காலியில் இருந்தவர். காசு கொடுத்துப் பெரிய பெயர்களை வாங்குவதை விட்டுவிட்டு, சுற்றுவட்டார ஊர்களில் இளம் ஆட்களைப் பிடித்து வளர்ப்பது என்று அந்தச் சமயத்தில் முடிவெடுத்திருந்தார்.

ஆனால் குவின் லேசில் சம்மதிக்கவில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர். தனக்குப் பெரிய கிளப்பில் ஆடும் தகுதி உண்டா என்ற தயக்கம் அவருக்கு இருந்தது, ஊரை விடவும் மனமில்லை. மேலி பேசிப் பேசித்தான் கையெழுத்து வாங்கினார். 1901 ஜனவரியில் முதல் ஆட்டம். புகழின் உச்சத்தில் இருந்தபோதும் அவர் குரோயிலேயே குடியிருந்தார்.

4. வந்த உடனே கலக்கிட்டாரா?

இல்லை. முதல் மூன்று வருஷம் பெரும்பாலும் இடது ஓரத்தில் ஆடினார். ஓட்டமும் உடல் வலுவும் இருந்தன. ஆனால் ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கிக் கொடுக்கும் வேலை அவருக்குப் பொருந்தவில்லை. 1901, 1902 இரண்டு வருஷமும் செல்டிக் கோப்பை இறுதிப் போட்டி வரை போய்த் தோற்றது. கிளப்பே தன் வழியைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது.

மேலி பொறுமையாக இருந்தார். இந்தப் பொறுமையைத்தான் நான் குவின் கதையின் முதல் திருப்பம் என்பேன். இன்றைக்கு ஒரு கிளப்பில் மூன்று வருஷம் சரியாகப் பொருந்தாத ஒருவரை யாரும் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

5. 1904 இறுதிப் போட்டியைப் பத்தி ஏன் எல்லாரும் இவ்வளவு பேசுறாங்க?

அன்றுதான் குவின் சென்டர் ஃபார்வர்டு ஆனார், அதனால். 1904 ஏப்ரல் 16, ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டி, எதிரணி கிளாஸ்கோவின் இன்னொரு பெரிய கிளப்பும் செல்டிக்கின் பரம எதிரியுமான ரேஞ்சர்ஸ். அதற்கு ஆறு மாதத்துக்கு முன்புதான் திறக்கப்பட்ட புதிய ஹாம்டன் பார்க் மைதானத்தில் நடந்த முதல் இறுதிப் போட்டி. அறுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். செல்டிக்கின் வழக்கமான சென்டர் ஃபார்வர்டு அலெக் பென்னட் ரேஞ்சர்ஸுக்குப் போகப்போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. மேலி அவரை உட்கார வைத்துவிட்டு குவின்னை நடுவில் இறக்கினார்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஃபின்லே ஸ்பீடி இரண்டு கோல் அடித்துவிட்டார். ரேஞ்சர்ஸ் 2, செல்டிக் 0. அப்புறம்தான் குவின் ஆரம்பித்தார். நடுவில் பந்தை வாங்கி, மேலே வந்து விழும் தடுப்பாட்டக்காரர்களைத் தோளில் தாங்கிக்கொண்டே நேராகக் கோலை நோக்கி ஓடுவது, இதுதான் அவர் பாணி. இடைவேளைக்குள் இரண்டு கோலையும் திருப்பிக் கொடுத்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் மூன்றாவதையும் அடித்தார். 3-2, மூன்றும் ஒருவர் அடித்தவை.

20ஆம் நூற்றாண்டு முழுவதிலும் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் ஹாட்ரிக் அடித்தவர்கள் மூவர்தான்: 1904இல் குவின், 1972இல் செல்டிக்கின் டிக்ஸி டீன்ஸ், 1996இல் ரேஞ்சர்ஸின் கோர்டன் டியூரி. மற்ற இருவரின் அணிகளும் அன்று பெரிய வித்தியாசத்தில் வென்றன. இரண்டு கோல் பின்தங்கிய நிலையில் தொடங்கி ஒற்றை கோல் வித்தியாசத்தில் கோப்பையைப் பறித்தது குவின் மட்டும்தான். பென்னட் அப்போது போகவில்லை, வலது ஓரத்துக்கு மாறினார். 1908இல்தான் ரேஞ்சர்ஸுக்குப் போனார்.

6. அதுக்கு முன்னாடியே ரேஞ்சர்ஸ் மேல ஒரு ஹாட்ரிக் போட்டார்னு சொல்றாங்களே, அது உண்மையா?

உண்மை. அதன் பின்னணி சோகமானது. 1902 ஏப்ரல் 5 அன்று ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிக்கொண்டிருந்தபோது, மரத்தால் கட்டிய பார்வையாளர் மேடையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 25 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் காயமடைந்தார்கள்.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நிதி திரட்ட நான்கு அணிகள் மோதிய போட்டி ஒன்று நடந்தது. ஸ்காட்லாந்திலிருந்து செல்டிக், ரேஞ்சர்ஸ். இங்கிலாந்திலிருந்து எவர்ட்டன், சண்டர்லாந்து. பரிசாக வைத்தது ரேஞ்சர்ஸ் முந்தைய ஆண்டு கிளாஸ்கோ பொருட்காட்சிப் போட்டியில் வென்ற கோப்பை. ஜூன் மாதம் நடந்த இறுதியில் செல்டிக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று ரேஞ்சர்ஸை வென்றது. மூன்று கோலும் குவின். ஆக, ரேஞ்சர்ஸின் சொந்தக் கோப்பை செல்டிக் வசம் வந்து, அங்கேயே தங்கிவிட்டது. 1904இல் மேலி எடுத்த முடிவைச் சூதாட்டம் என்று சிலர் எழுதுவார்கள். இந்த ஆட்டத்தை நினைவில் வைத்திருந்தவருக்கு அது அவ்வளவு பெரிய சூதாட்டமாகத் தெரிந்திருக்காது.

7. அந்தக் காலத்துல கோல் அடிக்கிறது சுலபம்தானே? இன்னைக்கு மாதிரி தடுப்பாட்டம் எல்லாம் இருந்திருக்காது.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகமாக வாதாடியிருக்கிறேன். அன்றைய விதிகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இன்று ஆஃப்சைடு (எதிரணியின் கோலுக்கு அருகே, பந்து வாங்கக் கூடாத இடத்தில் முன்னே போய் நிற்கும் தவறு) ஆகாமல் இருக்க, உங்களுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் இரண்டு பேர் இருந்தால் போதும். 1925 வரை மூன்று பேர் இருக்க வேண்டும். அதாவது தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் கொஞ்சம் முன்னே நகர்ந்து நின்றாலே முன்வரிசை ஆட்டக்காரர் சிக்கிக்கொள்வார். 1907 வரை சொந்தப் பாதியில் நின்றால்கூட ஆஃப்சைடு கொடுக்கலாம். குவின்னின் மொத்த ஆட்ட வாழ்க்கையும் இந்த மூன்று பேர் விதிக்குள்தான் கழிந்தது.

மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது. அடிபட்டால் நொண்டிக்கொண்டே ஆட வேண்டும், அல்லது அணி பத்துப் பேரோடு ஆட வேண்டும். பந்து தோலால் ஆனது, மழை பெய்தால் தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும். மேற்கு ஸ்காட்லாந்தில் மழைக்குப் பஞ்சமில்லை. பின்னாலிருந்து காலை வாருவதை நடுவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். முட்டிகள் இரண்டும் எந்த நிலைமைக்கு வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒரு சாதகம் இருந்ததையும் சொல்லியாக வேண்டும். பந்தைக் கையில் வைத்திருக்கும் கோல்கீப்பரைத் தோளால் மோதலாம், அது விதிப்படி சரி. குவின்னுக்கு உயரம் அதிகமில்லை, ஆனால் அகலமான தோள். அவர் ஓடி வருவதைப் பார்த்தாலே கோல்கீப்பர்களுக்கு நடுக்கம். இதன் விளைவை 11ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

8. மொத்தம் எத்தனை கோல்? ஒரு இடத்துல 216, இன்னொரு இடத்துல 217ன்னு இருக்கு.

லீக்கில் 187 கோல்கள், அதில் குழப்பமில்லை. ஸ்காட்டிஷ் கோப்பை ஆட்டங்களைச் சேர்க்கும்போதுதான் ஒன்று கூடுகிறது அல்லது குறைகிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய பத்திரிகைச் செய்திகளில் கோல்வாயில் நாலு பேர் குவிந்து பந்து உள்ளே போனால், ஒரு நிருபர் ஒருவர் பெயரைப் போடுவார், இன்னொருவர் மற்றவர் பெயரைப் போடுவார். சட்டையில் எண்கள் கிடையாது. அந்த வேறுபாடு அப்படியே பட்டியல்களில் தங்கிவிட்டது.

216 என்று வைத்தாலும் 217 என்று வைத்தாலும், கிளாஸ்கோ கோப்பை, தர்மக் கோப்பை போன்ற உள்ளூர்ப் போட்டிகள் அதில் சேரவில்லை. அன்றைய ரசிகர்களுக்கு அவை சின்ன ஆட்டங்கள் அல்ல. ஆகவே இந்த எண் அவர் அடித்ததில் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 1906-07 பருவத்தில் லீக்கில் மட்டும் 29 கோல் அடித்தார்.

9. ஆறு வருஷம் தொடர்ந்து சாம்பியன் ஆனது குவின் ஒருத்தராலயா?

ஒருவரால் ஆகிற காரியமல்ல, குவின்னே அப்படிச் சொல்லக் கேட்டிருந்தால் சங்கடப்பட்டிருப்பார். 1905 முதல் 1910 வரை செல்டிக் தொடர்ந்து ஆறு லீக் பட்டங்களை வென்றது. நடு வரிசையில் யங், லோனி, ஹே என்ற மூவர். முன்வரிசையில் பென்னட், மெக்மெனமி, குவின், சோமர்ஸ், ஹாமில்டன் என்ற ஐவர். பழைய செல்டிக் ரசிகர்கள் இந்த எட்டுப் பெயர்களையும் மந்திரம் போல ஒரே மூச்சில் சொல்வார்கள். ஜிம்மி மெக்மெனமியின் மூளைக்காக அவரை நெப்போலியன் என்றே அழைத்தார்கள். அவரும் சோமர்ஸும் பந்தைச் செதுக்கிக் கொடுக்க, முடித்துவைத்தவர் குவின்.

முதல் பட்டம் நூலிழையில் வந்தது. 1904-05இல் செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் ஆளுக்கு 41 புள்ளிகள். கோல் கணக்கில் ரேஞ்சர்ஸ் மேலே இருந்தது. ஆனால் அன்றைய முறைப்படி தனி ஆட்டம் வைத்து முடிவு செய்தார்கள். ஹாம்டன் பார்க்கில், இங்கிலாந்திலிருந்து வரவழைத்த நடுவர் முன்னிலையில், செல்டிக் 2-1 என்று வென்றது. 1907இல் லீக்கையும் ஸ்காட்டிஷ் கோப்பையையும் ஒரே பருவத்தில் வென்றது, ஸ்காட்லாந்தில் அதற்கு முன் யாரும் செய்யாதது. 1908இல் அவற்றோடு கிளாஸ்கோ கோப்பை, தர்மக் கோப்பை எல்லாமே செல்டிக்குக்குத்தான்.

கோப்பைகளை மட்டும் கேட்பவர்களுக்கு: குவின் காலத்தில் செல்டிக் 1904, 1907, 1908, 1911, 1912 ஆகிய ஆண்டுகளில் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. 1911 இறுதியில் ஹாமில்டன் அகாடெமிக்கல் அணியோடு முதல் ஆட்டம் கோல் இல்லாமல் முடிய, மறு ஆட்டத்தில் குவின் ஒரு கோல் அடித்தார்.

10. அவர் ஒரு முரட்டு ஆள், ரேஞ்சர்ஸ்காரங்க முகத்துல உதைச்சவர்னு படிச்சேனே?

படித்திருப்பீர்கள். பாதி கதையை மட்டும் படித்திருப்பீர்கள். 1905 மார்ச் மாதம் ஸ்காட்டிஷ் கோப்பை அரையிறுதி, செல்டிக் பார்க்கில். ரேஞ்சர்ஸ் இரண்டு கோல் முன்னே. ஆட்டம் முடியும் நேரத்தில் குவின்னும் ரேஞ்சர்ஸின் அலெக் கிரெய்க்கும் மோதிக்கொண்டார்கள். தடுமாறிய கிரெய்க் குவின்னின் காலைப் பிடித்துக்கொண்டார், குவின் காலை உதறி விடுவித்துக்கொண்டார். கிரெய்க்கின் முகத்தில் உதைத்தார் என்று நடுவர் குவின்னை வெளியேற்றினார். உடனே கூட்டம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கியது. ஆட்டம் பாதியில் நின்றது, செல்டிக் தோல்வியை ஒப்புக்கொண்டது.

இனி மீதி. விசாரணையில் குவின்னுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னது யார் தெரியுமா? அந்தக் கிரெய்க்கேதான். உதைபட்டதாகச் சொல்லப்பட்டவரே, எதிரணிக்காரரே, அவர் என்னை உதைக்கவில்லை என்றார். இருந்தும் ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் நடுவர் பேச்சையே எடுத்துக்கொண்டு ஒரு மாதம் தடை விதித்தது. எனக்கு இது அப்பட்டமான அநியாயமாகவே படுகிறது.

1907 புத்தாண்டு தினத்தில் மறுபடியும் அதே மாதிரி. எதிரணி ரேஞ்சர்ஸ், இந்த முறை ஜோ ஹென்ட்ரி. மறுபடி வெளியேற்றம், இரண்டு மாதத் தடை. முதல் தீர்ப்பின் நிழல் இரண்டாவதில் விழாமல் இருந்திருக்குமா? ஒருமுறை முரடன் என்று முத்திரை குத்திவிட்டால் அடுத்த மோதலில் எல்லாருடைய கண்ணும் அவர் மேல்தான் போகும். ரசிகர்கள் இதைப் பொறுக்காமல் அவருக்காகப் பணம் திரட்டினார்கள். அவருடன் ஆடியவர்கள் அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் அமைதியானவர், அதிகம் பேசாதவர் என்பதுதான். மைதானத்தில் அவர் வாங்கிய உதைகளுக்குக் கணக்கே இல்லை.

11. 1909ல கோப்பையே யாருக்கும் கொடுக்கலையாமே? குவின் அடிச்ச கோல்தான் காரணமா?

ஒரு வகையில் அவர் கோல்தான் கலவரத்துக்கு முந்தைய நிலையை உண்டாக்கியது. பழி அவர் மேல் இல்லை. செல்டிக், ரேஞ்சர்ஸ் மோதிய இறுதிப் போட்டி, ஏப்ரல் 10, ஹாம்டன் பார்க். 2-2 என்று சமன். செல்டிக்கின் ஒரு கோலை குவின் அடித்தார். இன்னொன்று விசித்திரமானது. உயரப் பந்தைப் பிடித்த ரேஞ்சர்ஸ் கோல்கீப்பர் ஹாரி ரென்னி, குவின் மோத வருவதைப் பார்த்துச் சட்டென்று உடலைத் திருப்பினார். திருப்பிய வேகத்தில் பந்தோடு கோட்டைத் தாண்டிவிட்டார் என்று நடுவர் கோல் கொடுத்தார். 7ஆம் கேள்வியில் சொன்ன நடுக்கம் இதுதான்.

ஒரு வாரம் கழித்து மறு ஆட்டம், அதுவும் 1-1. செல்டிக் கோல் குவின்னுடையது. கூடுதல் நேரம் ஆடுவார்கள் என்று கூட்டம் எதிர்பார்த்தது, பத்திரிகைகளிலும் அப்படிப் பேச்சு அடிபட்டிருந்தது. ஆனால் விதிப்படி மூன்றாவது ஆட்டத்திலும் சமன் ஆனால்தான் கூடுதல் நேரம். ஆட்டக்காரர்களில் சிலரும் போவதா இருப்பதா என்று தெரியாமல் களத்திலேயே நின்றார்கள். கடைசியில் எல்லாரும் உள்ளே போனதும் கூட்டம் வெடித்தது. நுழைவுக் கட்டணம் வசூலிக்கத்தான் இப்படி ஆட்டத்தை இழுக்கிறார்கள் என்ற சந்தேகம் தொழிலாளர்களிடம் ஏற்கனவே இருந்தது. 1904 இறுதிக்கு முன்பே ஒரு விளையாட்டுப் பத்திரிகை, இரண்டு கிளப்பையும் கூட்டு வியாபாரம் செய்கிறவர்களாகக் கேலிச்சித்திரம் போட்டிருந்தது.

கோல் கம்பங்களைப் பிடுங்கினார்கள். டிக்கெட் கூண்டுகளைக் கொளுத்தினார்கள், தீ எரிய விஸ்கியை ஊற்றினார்கள். அணைக்க வந்தவர்களின் குழாய்களை அறுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். கவனிக்க வேண்டியது, இரண்டு அணி ரசிகர்களும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளவில்லை. இரு தரப்பும் சேர்ந்து மைதானத்தையும் காவலர்களையும் தாக்கியது. மூன்றாவது ஆட்டம் வேண்டாம் என்று இரண்டு கிளப்பும் கேட்டுக்கொண்டன. கோப்பை அந்த ஆண்டு யாருக்கும் இல்லை. அது கிடைத்திருந்தால் செல்டிக்குக்குத் தொடர்ந்து மூன்றாவதாக இருந்திருக்கும்.

12. இவ்வளவு பெரிய ஆள்னா ஸ்காட்லாந்துக்கு ஏன் 11 ஆட்டம் மட்டும் ஆடினார்?

அன்றைக்கு உலகக் கோப்பை இல்லை, ஐரோப்பியக் கோப்பை இல்லை. ஸ்காட்லாந்து ஒரு வருஷத்தில் ஆடியதே மூன்று சர்வதேச ஆட்டங்கள்: இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து. 1905 முதல் 1912 வரை குவின் ஆடிய 11 என்பதை அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 7 கோல்கள் அடித்தார்.

அதில் நான்கு ஒரே நாளில், 1908 மார்ச்சில் டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராக. ஸ்காட்லாந்து 5-0 என்று வென்றது. இன்னொன்று 1910 ஏப்ரலில் ஹாம்டன் பார்க்கில் இங்கிலாந்துக்கு எதிராக. 2-0, முதல் கோல் மெக்மெனமி, இரண்டாவது குவின். லட்சம் பேர் பார்த்த ஆட்டம். இங்கிலாந்தை வெல்வதுதான் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஆண்டின் மிகப் பெரிய சந்தோஷம். அன்று கோல் அடித்த இருவரும் செல்டிக்காரர்கள்.

13. இங்கிலாந்துக்குப் போயிருந்தா நல்லா சம்பாதிச்சிருப்பாரே?

அப்படி நினைப்பது இன்றைய நிலைமையை வைத்து. அன்று இங்கிலாந்தில் வீரர்களுக்கு உச்சவரம்பு இருந்தது. 1901 முதல் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அங்கே விதி. ஸ்காட்லாந்தில் அப்படி வரம்பு இல்லை. ஒரு பெரிய கிளப்பின் முன்னணி ஆட்டக்காரர் ஸ்காட்லாந்திலேயே இருந்தால் பண நஷ்டம் ஒன்றுமில்லை. இங்கிலாந்துக் கிளப்புகள் கேட்டுப் பார்த்தன. ஆனால் கிளாஸ்கோவில் குடியேறவே மனமில்லாத மனிதர் (3ஆம் கேள்வியைப் பாருங்கள்) எல்லையைத் தாண்டிப் போவாரா?

14. செல்டிக்குக்கும் இந்தியாவுக்கும் ஏதோ தொடர்பு உண்டுன்னு கேள்விப்பட்டேன். அதுல குவின் இருக்காரா?

குவின்னுக்கு நேரடித் தொடர்பு இல்லை, அவரைக் கண்டெடுத்த மேலிக்கு உண்டு. 1936இல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியைச் சேர்ந்த முகமது சலீம் கிளாஸ்கோ வந்தார். காலணி போடாமல், பாதத்தில் துணி சுற்றிக்கொண்டு ஆடுகிறவர். அவருக்கு வாய்ப்புக் கொடுத்தவர் மேலிதான். செல்டிக்கின் இரண்டாம் அணிக்காக இரண்டு ஆட்டங்களில் ஆடிக் கூட்டத்தை அசத்தினார் சலீம். பிறகு ஊர் ஞாபகம் தாங்காமல் இந்தியா திரும்பிவிட்டார்.

15. ஆட்டத்தை விட்டதுக்கு அப்புறம் என்ன ஆனார்? வசதியா இருந்தாரா?

முட்டிகள் தேய்ந்துபோய், 1910க்குப் பிறகு அடிக்கடி ஆட முடியாமல் போனது. வரும் பருவம் முழுதாக ஆடுவார் என்று ஒவ்வொரு முறையும் எதிர்பார்ப்பார்கள், கொஞ்ச ஆட்டத்திலேயே மறுபடி அடிபடும். 1915 ஜனவரியோடு முடித்துக்கொண்டார். அப்போது முதல் உலகப் போர் தொடங்கியாகிவிட்டது. ஸ்காட்டிஷ் கோப்பைப் போட்டி நிறுத்தப்பட்டது, லீக் மட்டும் தொடர்ந்தது.

பிறகு மறுபடி சுரங்க வேலைக்கே போனார். கேட்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கிறது, எனக்கும் மனம் கனக்கத்தான் செய்கிறது. லட்சம் பேர் முன்னால் இங்கிலாந்துக்கு எதிராகக் கோல் அடித்தவர், சிதைந்த முட்டிகளோடு நிலக்கரிக்கு இடையே. ஆனால் அன்றைய ஆட்டக்காரர்களில் மிகப் பலருக்கு இதுதான் வழி. ஓய்வூதியம் கிடையாது. ஓய்வு பெற்றால் மேலாளர் பதவியோ சாராயக் கடையோ சிலருக்கு அமையும். முன்னே நின்று பேசும் அந்த மாதிரி வேலை எதுவும் குவின்னின் சுபாவத்துக்கு ஒத்துவராது. தன் 67ஆம் வயதில் இறக்கும்வரை குரோய்க்காரராகவே இருந்தார்.

16. மெக்ரோரி, லார்சன் இவங்களை விடப் பெரிய ஆளா குவின்?

கோல் எண்ணிக்கையில் இல்லை. ஜிம்மி மெக்ரோரி செல்டிக்குக்காக 460க்கும் மேல் அடித்தார், அதைத் தொட யாராலும் முடியவில்லை. ஹென்ரிக் லார்சன் 1997 முதல் 2004 வரை 242. ஆனால் மெக்ரோரியின் பெரும்பாலான வருஷங்கள் 1925இல் ஆஃப்சைடு விதி தளர்ந்த பிறகு வந்தவை. அந்த மாற்றத்தால் பிரிட்டன் முழுக்கக் கோல்கள் கொட்டின. லார்சன் காலத்தில் ஆட்டங்கள் அதிகம், மருத்துவம் வேறு, புல் வேறு. இவர்கள் இருவரையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூன்று பேருக்கு நடுவே ஓடி, மாற்று ஆளும் இல்லாமல், லீக்கில் 187 அடித்தவரை அந்த வரிசையில் முதல் ஆளாக வைக்கிறேன். செல்டிக்கில் சென்டர் ஃபார்வர்டு சட்டைக்கு ஒரு மரியாதை உண்டு, அதை ஆரம்பித்து வைத்தவர் குவின்.

17. கோல்கீப்பரை இடிச்சுத் தள்ளி அடிச்ச கோல் எல்லாம் இன்னைக்குச் செல்லாதே. அப்ப அந்தக் கணக்கையே எப்படி நம்புறது?

இன்று செல்லாது, சரி. ஆனால் அன்று விதி அனுமதித்ததைச் செய்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. எல்லா அணியின் சென்டர் ஃபார்வர்டும் மோதினார்கள். செல்டிக்கின் கோல்கீப்பரும் அதே மோதலை வாங்கினார். இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: 1912 வரை கோல்கீப்பர் தன் பாதி மைதானம் முழுவதும் பந்தைக் கையால் தொடலாம். இன்றைக்குக் கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்கு வெளியே வந்து கையால் பிடித்தால் அது தவறு, எதிரணிக்கு ஃப்ரீ கிக் கிடைக்கும். ஆக, அன்றைய விதி ஒரு பக்கம் குவின்னுக்கு உதவியது, மறுபக்கம் அவர் எதிர்கொண்ட கோல்கீப்பருக்கு இன்றைக்கு இல்லாத சலுகையைக் கொடுத்தது.

அதோடு 1904இல் அடித்த மூன்றையும் மறுபடி பாருங்கள். அவற்றில் பேசப்படுவது கோல்கீப்பர் மேல் மோதியது அல்ல. இரண்டு கோல் பின்தங்கிய அணியின் நடுவில், தனக்குப் புதிதான இடத்தில் நின்று, பந்தை வாங்கித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி ஓடியதுதான். அது எந்த விதியிலும் கோல்தான்.